நாங்கள் மீறிய அறிவுறுத்தல் எது?
தென்கரையில் உல்லாசப் படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

உங்கள் பதில் வந்து சேர்ந்தது. அரைப் பக்கம், சிங்களத்தில் மட்டும். உங்கள் அனுமதியில் ஓடும் பாய்மரப் படகொன்றில் என் அம்மாவின் தோளில் அடிபட்டது பற்றிய முறைப்பாட்டுக்கான பதில் அது. முறைப்பாடு அம்மாவின் பெயரில் கொடுக்கப்பட்டது. தமிழில் எழுதி, அம்மாவே கையொப்பமிட்டுத் தந்தது. அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே நீங்கள் அவருக்கு எழுதியதை நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. படகுப் பணியாளர்கள் கொடுத்த பாதுகாப்பு அறிவுறுத்தல்களைப் பயணிகள் பின்பற்றவில்லை, விபத்துக்கு அதுவே காரணம், மேல் நடவடிக்கை தேவையில்லை, முறைப்பாட்டுக் கோவை மூடப்பட்டது என்று அதில் இருந்தது.

அம்மா கேட்ட ஒரே கேள்வி: “எதைச் சொன்னார்களாம், நான் கேட்காமல் போனது?”

அந்தக் கேள்வியை உங்களிடம் பகிரங்கமாக வைக்கிறேன். தனியாக வைத்தபோது நீங்கள் கோவையை மூடிவிட்டீர்கள்.

நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். அம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தம்பி வளைகுடா நாடொன்றில் ஹோட்டல் வேலை. டிசம்பர் விடுமுறையில் அவன் வந்திருந்தபோது, அம்மாவைக் கடலில் கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அம்மா கடலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறார், அதன் மேல் போனதில்லை. எங்கள் வீட்டில் கப்பல் என்றாலே தலைமன்னார்க் கப்பல்தான். மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அம்மாவின் அக்காமார் இரண்டு பேரும் ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் அந்தக் கப்பலேறிப் போனவர்கள். 1984இல் கப்பல் நின்றது; அவர்களைப் பற்றிய செய்தியும் பிறகு குறைந்துபோனது. கடலென்றால் ஆட்களைக் கொண்டுபோய்விடும் ஒன்று என்ற எண்ணம் அம்மாவுக்கு. அதை மாற்றிக் காட்டுகிறேன் என்றான் தம்பி. சேமிப்பை எடுத்து, வெலிகமவிலிருந்து காலிவரை கரையோரமாகப் போகும் பாய்மரப் படகில் எங்கள் எல்லோருக்கும் இடம் பதிவு செய்தான்.

ஓசிப் பயணிகளாக நாங்கள் ஏறவில்லை. உள்நாட்டவருக்கான கட்டணம் குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த தொகையும் ஒரு தோட்டத் தொழிலாளி பல நாள் மலையேறிச் சம்பாதிப்பது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. படகில் எங்களை நடத்திய விதத்தில், இடம் கொடுத்ததே பெரிது என்ற தொனி இருந்தது.

ஏறுவதற்கு முன், வெளிநாட்டுப் பயணிகளை ஒரு பக்கமாக நிறுத்தி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். உயிர்காப்பு அங்கியின் வார்களை எப்படி மாட்டுவது, எங்கே பிடித்துக்கொள்வது, எப்போது எழுந்து நிற்கக் கூடாது, யாராவது விழுந்தால் என்ன செய்வது என்று கையால் செய்து காட்டிப் பொறுமையாகச் சொன்னார். குறை சொல்ல முடியாத விளக்கம். முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, சிங்களத்தில் “அங்கே போய் உட்காருங்கள்” என்றார். எங்களுக்குக் கிடைத்த அறிவுறுத்தல் முழுவதும் அவ்வளவுதான். அதை நாங்கள் பின்பற்றினோம் என்பதையும் பதிவு செய்கிறேன். போய் உட்கார்ந்தோம்.

தமிழில் சொல்ல ஆள் இல்லையா என்று நான் கேட்டேன். உங்களுக்குச் சிங்களம் தெரியும்தானே என்றார். தெரியும். கடையில் சாமான் வாங்க, பஸ்ஸில் இடம் கேட்க, வைத்தியசாலையில் நோவு எங்கே என்று சொல்ல எங்களுக்குச் சிங்களம் தெரியும். மலையில் வாழ்கிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் பாயும் கயிறும் காற்றுமாக ஒரு படகில் பேசப்படும் சிங்களம் எங்களுக்குத் தெரியாது. தமிழிலேயே அந்தச் சொற்களில் பாதி எனக்குத் தெரியாது, நான் மலைக்காரி. அதனால்தான் விளக்கம் வேண்டும் என்கிறேன். கடலோரத்தில் பிறந்தவர்களைவிட எங்களுக்கு அது கூடுதலாக வேண்டும்.

தம்பியின் மகளுக்கு ஆறு வயது. அவளுக்குக் கொடுத்தது பெரியவர்களுக்கான அங்கி. வாரை எவ்வளவு இறுக்கினாலும் தோளிலிருந்து மேலே ஏறிக் காதை மூடியது. தண்ணீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், பிள்ளை அதிலிருந்து கீழே நழுவிவிடும். சிறுவர் அங்கிகளில் கால்களுக்கு இடையே ஒரு வார் வைத்திருப்பதே அதைத் தடுக்கத்தான். சின்ன அளவு இல்லையா என்று தம்பி கேட்டான். இருந்த இரண்டையும் கொடுத்துவிட்டோம் என்றார்கள். கொடுத்தது வேறு பிள்ளைகளுக்கு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சின்ன அங்கி இரண்டே உள்ள படகில் மூன்றாவது சின்னப் பிள்ளையை ஏற்றியது யார் என்பதுதான் கேள்வி. தம்பி மனைவி வழி முழுவதும் பிள்ளையை மடியில் இறுக்கி அணைத்தபடி வந்தார். கொக்கலைக் கரையில் கம்புகளின் மேலிருந்து மீன் பிடிப்பவர்களைப் பார்க்கச் சொல்லி எல்லோரும் கை காட்டியபோதும் அவர் தலையைத் திருப்பவில்லை.

அம்மாவுக்கு மட்டும் பயணம் பிடித்திருந்தது. காற்று முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்தார்.

ருமஸ்ஸலை முனையைத் தாண்டிக் காலிக் குடாவுக்குள் படகைத் திருப்பினார்கள். காற்று பின்பக்கமாக இருந்தது. இத்தகைய படகில் பெரிய பாயின் அடியோரத்தைத் தாங்கிக்கொண்டு நீண்ட கம்பம் ஒன்று கிடையாக நிற்கிறது. பின்காற்றில் படகு திரும்பும்போது காற்று பாயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கம்பம் ஒரே வீச்சில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். எதிரே தலை இருந்தாலும் தோள் இருந்தாலும் அதற்குத் தெரியாது. இவை எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு நான் தேடிப் படித்தவை. அன்று படகில் தெரிந்ததெல்லாம், ஒருவர் ஏதோ கத்தினார், வெளிநாட்டவர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள் என்பதுதான். அம்மா என்ன கத்துகிறார்கள் என்று பார்க்கத் திரும்பி, பாதி எழுந்தார். கம்பம் அவர் தோளில் அடித்தது. நான்கு விரற்கடை மேலே பட்டிருந்தால் இந்த மடலை வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

காரை எலும்பில் வெடிப்பு. வாரக்கணக்கில் கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தார். வைத்தியசாலை அறிக்கையின் பிரதியை முறைப்பாட்டுடன் இணைத்திருந்தோம். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடிபட்ட பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். படகில் முதலுதவிப் பெட்டி இருந்தது. அதைத் திறந்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. காலியில் இறங்கியதும், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுக்காரர்கள் போய்விட்டார்கள். கோட்டைக்குள் சின்னக் கடை வைத்திருந்த முஸ்லிம் தாயொருவர் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு வெளியே வந்து, அம்மாவை உள்ளே உட்காரவைத்து, துணியில் பனிக்கட்டி சுற்றித் தோளில் வைத்தார். முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு வழியும் அவரே சொன்னார். அந்த நகரில் எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏற்பாடு அவர் ஒருவர்தான்.

தென்கரைக்குத் தமிழ் பேசுபவர்கள் அதிகம் வருவதில்லை, ஆகவே ஏற்பாடு செய்யவில்லை என்று உங்கள் அலுவலகக் கருமபீடத்தில் இருந்தவர் சொன்னார். அவர் அமர்ந்திருந்த ஊர் எது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். காலிக் கோட்டைக்குள்ளும் வெலிகமவிலும் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. காலி மாவட்டத்தின் உடுகமவிலும் மாத்தறை மாவட்டத்தின் தெனியாயவிலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் எங்கள் உறவுக்காரர்கள். இந்த நாட்டுக்கு மிக அதிகமாகச் சுற்றுலாப் பயணிகளை அனுப்பும் நாடு இந்தியா. அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாலும், எங்கள் குடும்பம் அந்தப் படகில் இருந்தது. ஒரு படகில் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் படகின் பாதுகாப்பு.

அதே காலியில் 1911இல் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல். அதில் பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அதில் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரத் திருமாலாகிய தென்னாவரை நாயனாருக்குச் செலுத்திய காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. கப்பலில் வந்த அந்நியன் ஒருவன் இந்தக் கரையில் யார் யார் இருப்பார்கள் என்று விசாரித்து, அவர்களுக்குப் புரிகிறபடி எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். கண்டெடுத்தபோது அந்தக் கல் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் காணிக்கைப் பட்டியலுக்குக் கிடைத்த மரியாதை, இன்று உயிர்காப்பு அறிவித்தலுக்குக் கிடைக்கவில்லை என்று இனி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வரலாறு வேண்டாம், சட்டம் பேசுவோம் என்றால் அதற்கும் தயார். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாம் திருத்தம் வந்தது. அதன்படி அமைந்த 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரித்துடையவர் என்று சொல்கிறது. காலி இருக்கும் தென் மாகாணம் அப்படிப்பட்ட பகுதிதான். அம்மா தமிழில் எழுதினார். நீங்கள் சிங்களத்தில் பதில் எழுதினீர்கள். கருமபீடத்திலோ, சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று எங்கள் முறைப்பாட்டை முதலில் திருப்பித் தந்தார்கள். நான் அந்த உறுப்புரையைச் சொன்ன பிறகுதான் வாங்கினார்கள். தோட்டத்திலிருந்து வருகிற எல்லோருக்கும் உறுப்புரை இலக்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

தனியார் படகுக்கு அந்த உறுப்புரை பொருந்தாது என்று சொல்வீர்கள். சரி. ஆனால் அந்தப் படகு உங்கள் அனுமதியில் ஓடுகிறது. பயணிகளுக்குப் பாதுகாப்பு அறிவுறுத்தல் வழங்குவது அனுமதியின் நிபந்தனை என்று உங்கள் பதிலே சொல்கிறது. நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்க நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? படகு உரிமையாளரைக் கேட்டிருக்கிறீர்கள். அது பதிலில் தெரிகிறது. எங்களைக் கேட்கவில்லை. தம்பியின் தொலைபேசி இலக்கம் முறைப்பாட்டில் இருந்தது, என்னுடையதும் இருந்தது. அன்று எங்களோடு வந்த வெளிநாட்டுத் தம்பதியர், நடந்ததைப் பார்த்தவர்கள், தாமாகவே எழுதிக் கொடுத்த ஒரு பக்கச் சாட்சியமும் இணைப்பில் இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில். அதை வாசிக்கக்கூட உங்களுக்கு மொழி தடையாக இருந்திருக்காது.

கரையோரமாகத்தானே போகிறது, கரை கண்ணுக்குத் தெரிகிறதே, இதில் என்ன ஆபத்து என்ற எண்ணம் படகுக்காரர்களிடம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. அது உங்கள் பதிலின் தொனியிலும் இருக்கிறது. காலித் துறைமுகத்துக்குள்ளேயே, கோட்டை மதிலிலிருந்து பார்க்கும் தூரத்தில், 1659இல் ஒல்லாந்தரின் அவொன்ட்ஸ்டர் என்ற கப்பல் நங்கூரம் நழுவித் தரைதட்டி மூழ்கியது. அது பழங்கதை என்றால், 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அது ஆழ்கடலில் நடக்கவில்லை. இரண்டு கரைகளும் தெரிகிற களப்பில் நடந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகள் போனார்கள். அதன் பிறகு எல்லா இடங்களிலும் அங்கி, அறிவித்தல், பரிசோதனை என்று பேசினோம். உல்லாசப் படகு என்றால் மட்டும் அந்தப் பேச்சு நின்றுவிடுமா?

மலையகத்தவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையிலேயே வாழ்கிறோம். மவுஸாக்கலை நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. தண்ணீர் வற்றும் காலத்தில் கோயில் தலைகாட்டும். இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தும் எங்கள் பாடசாலைகளில் நீச்சல் சொல்லித்தர இடமும் கிடையாது, ஆளும் கிடையாது. அது உங்கள் குற்றமல்ல. ஆனால் ஏறுகிறவருக்கு நீந்தத் தெரியுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. அன்று எங்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மதிய உணவுக்கு மீனா கோழியா என்று மட்டும் கேட்டார்கள், அதுவும் சுத்தமான தமிழில்.

இது தெரிந்தே செய்யும் பாகுபாடு என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்துக்காரர்கள் சுற்றுலா போவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இருநூறு ஆண்டுகளாக எங்களைக் கூடையோடு மட்டுமே படம் பிடித்துப் பழகிவிட்டார்கள். தேயிலை விளம்பரத்தில் இருப்போம். சுற்றுலா விளம்பரத்தில் பார்க்கப்படுகிறவர்களாக இருப்போம். பார்க்க வருகிறவர்களாக எங்களை யாரும் நினைப்பதில்லை. காலம் மாறிவிட்டது. எங்கள் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் சம்பாதிக்கிறார்கள். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு கடலுக்கும் கோட்டைக்கும் வருவார்கள். டிக்கெட் வாங்கி வருவார்கள். அவர்களை ஏற்றுவதற்கு முன் உங்கள் படகுகள் தயாராக இருக்க வேண்டும்.

எனவே கேட்கிறேன். மூடிய கோவையை மீண்டும் திறக்க வேண்டும். அம்மாவின் வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்து, இணைத்த வைத்திய அறிக்கையையும் சாட்சியத்தையும் பரிசீலித்த பிறகு முடிவு சொல்லுங்கள். பயணிகள் அறிவுறுத்தலை மீறினார்கள் என்ற வாசகத்தை அதுவரை திரும்பப் பெற வேண்டும். முடியாதென்றால், எந்த அறிவுறுத்தல், யார், எந்த மொழியில், எத்தனை மணிக்குச் சொன்னது என்பதை எழுதித் தாருங்கள்.

படகுகளைப் பொறுத்தவரை நான் கேட்பது செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பாதுகாப்பு விளக்கத்தை மூன்று மொழிகளிலும் ஒலிப்பதிவு செய்து, படகு கிளம்புமுன் ஒலிக்கவிடுவதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்குங்கள். படங்களோடு அச்சிட்ட அட்டை ஒவ்வொரு இருக்கையிலும் இருக்கட்டும். தமிழில் எழுதித்தர ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். பாய் மாறும்போது கத்துவதோடு நிறுத்தாமல் மணியோ ஊதலோ ஒலிக்க வேண்டும் என்று விதியுங்கள். அந்தச் சத்தத்துக்குக் குனிய வேண்டும் என்று ஏறும்போதே எல்லோரையும் ஒரு தடவை குனியவைத்துப் பழக்குங்கள். காது மந்தமானவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பணியாளர் நிற்கட்டும். பிள்ளைகளின் எடைக்கேற்ற அங்கிகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை பிள்ளைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த எண்ணிக்கையைப் பயணிகள் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் கருமபீடத்தில் தமிழ் முறைப்பாட்டுப் படிவம் இருக்க வேண்டும், அதை வாங்க மறுக்கும் அலுவலருக்கு எதிராக யாரிடம் போவது என்ற விவரமும் அதிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

இந்த மடலோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் பதிவுத் தபாலில் வருகிறது. அந்தப் படகின் கடைசிப் பரிசோதனை அறிக்கையையும், உங்கள் விசாரணையில் யார் யாரிடம் வாக்குமூலம் பெற்றீர்கள் என்ற விவரத்தையும் கேட்டிருக்கிறேன். தருவதா இல்லையா என்று தீர்மானிக்கச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் அவகாசம் 14 வேலை நாட்கள். மொழி தொடர்பான முறைப்பாடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தனியாகப் போகிறது.

பதிலை அம்மாவின் பெயருக்கே அனுப்புங்கள். தமிழில் அனுப்புங்கள்; இந்த முறை அவரே வாசிப்பார்.

இப்படிக்கு,
ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்